கையிருப்பு: ஒன்று

கடையை இணையத்துக்கு மாற்றும்போது, பத்து வருஷத்துக்கு மேல் கடையில் இருந்த எல்லாவற்றையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏற்றாமல் விட்டுப்போனது மறுநாள் காலையில் இருக்காது. எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் காலண்டரை மறந்துவிட்டுப் போனார். அவர் கடையில் இன்றைக்கும் என்ன தேதி என்று யாருக்கும் தெரியாது.

என் கடை பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இருந்தது. வைகுண்டம் பட்டன் ஸ்டோர். வைகுண்டம் நான்தான். கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி, பங்குனி வரை தவணை கொடுத்தார்கள். ஏற்ற வேண்டியவற்றை எழுதினேன். பட்டன் டப்பா நானூற்றுப் பன்னிரண்டு, கண்ணாடி மேஜை, மூன்று இறக்கை மின்விசிறி, ஒரு ஸ்டூல், ஸ்டூலில் இருதயராஜ்.

இருதயராஜ் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். முப்பத்தொரு வருஷமாக ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் என் ஸ்டூலில்தான் இருந்தார். பேப்பரை முதல் வரியிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரை படிப்பார். ஒரு பொருள் வாங்கியதில்லை. அவர் சட்டையில் இரண்டாவது பட்டன் கிடையாது. பட்டன் கடையில் உட்கார்ந்துகொண்டு இப்படி இருக்கிறீரே, ஊர் என்னைத்தானே சிரிக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்கினா நான் கஸ்டமர் ஆயிருவேன்வே," என்றார். "கஸ்டமர் எப்படிப் பொழுதன்னைக்கும் ஸ்டூல்ல இருக்க முடியும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார். கொசுறு வாங்குகிறவனும் கஸ்டமர்தானாம்.

ஆக, வாடகை குறைவாகவும் இருக்க வேண்டும், இருதயராஜ் உட்காரவும் இடம் இருக்க வேண்டும். அப்படியொரு இணையதளத்தைத் தேடி இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் பார்த்தது பெரிய தளம். வாடகையைக் கேட்டால் நமக்கே விக்கல் வரும். பளபளவென்றிருந்தது. ஆனால் அங்கே மூன்று நிமிஷம் எதுவும் வாங்காமல் இருந்தால் தரை மெல்லச் சாயத் தொடங்கும். இருதயராஜ் தலையங்கத்தைப் பாதி படித்திருப்பார், ஸ்டூலோடு சறுக்கி வாசலுக்கு வந்துவிட்டார். மீதியைத் தெருவில் நின்று படித்தார்.

இரண்டாவது தளம் இலவசம். அதற்குப் பதிலாக, கால் மணிக்கொரு தடவை ஒரு மெத்தைக்காரர் கடைக்குள் வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே மெத்தையை விரித்து, அதன் குணங்களைச் சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனுஷர்தான். ஆனால் நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது ஒவ்வொரு தடவையும் மறந்துபோயிற்று.

மூன்றாவது தளத்தை ஜெபமணி என்ற பெண் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடத்திவந்தாள். வாடகை எனக்குக் கட்டுபடியாகும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே நிபந்தனை, உள்ளே வரும் எதற்கும் படம், எடை, கையிருப்பு, விலை நான்கும் வேண்டும்.

"இவருக்குமா?" என்று கேட்டேன்.

"விலை போடாம எதுவும் ஏறாது அண்ணாச்சி," என்றாள்.

என் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தோம். எடை, பேப்பரோடு அறுபத்தொரு கிலோ. கையிருப்பு, ஒன்று. விலையில்தான் தகராறு. நூறு ரூபாய் போதும் என்றார் அவர். எந்தப் பைத்தியக்காரனும் வாங்க முடியாதபடி ஒன்பது லட்சம் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, அதை இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பொருளின் விவரம் என்று ஒரு கட்டம் இருந்தது. கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை எனக்கு முன்பே கண்டுபிடிப்பவர் என்று எழுதினேன். சிவப்புப் பட்டனையும் மெரூன் பட்டனையும் ஒன்று என்று சாதிப்பவர் என்று எழுதினேன். என் மனைவி இறந்த வாரம் கடை திறக்கவில்லை. அந்த ஏழு நாளும் இருதயராஜ் பூட்டிய ஷட்டருக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். அதை எழுதுவதற்குள் கட்டம் நிறைந்துவிட்டது.

பங்குனிக் கடைசியில் குடிபோனோம். பழைய கடையில் மூன்று மணி வெயில் படியேறி வந்து கண்ணாடி மேஜையைத் தொடும். அதையும் ஏற்றியிருந்தேன், எடை பூஜ்யம் என்று. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கடைக்கு யாரும் வரவில்லை. ஒரு போணிகூட ஆகவில்லை. அடுத்த மாதத்து வாடகைக்கு என்ன வழி என்ற கவலை இருந்தது. ஆனாலும் வெயில் மேஜைமேல் கிடக்க, இருதயராஜ் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பேப்பரை மடித்துவிடுவார்.

ஆடி பிறந்தது. ஆடியில் தள்ளுபடி போடாதவன் வியாபாரியா? விற்காமல் கிடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் விலையில் பாதி தள்ளுபடி என்று தளத்தில் ஒரு கட்டம் இருந்தது. பழைய கொம்புப் பட்டன்களை மனசில் வைத்துக்கொண்டு, எல்லாப் பொருளுக்கும் என்று டிக் அடித்துவிட்டேன்.

இருதயராஜ் முப்பத்தொரு வருஷம் விற்காமல் இருந்தவர். ஒன்பது லட்சம் முப்பத்தொரு முறை பாதியாகி, ஒரு சட்டைப் பட்டனின் விலைக்கும் கீழே போய் நின்றது. மத்தியானத்துக்குள் ஆர்டர் வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டியில் குடைக் கடை வைத்திருக்கும் செண்பகவல்லி என்பவர் வாங்கியிருந்தார். ஸ்டூல் எங்களிடம் இருக்கிறது, ஆள் மட்டும் போதும் என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

ஜெபமணியிடம் ஓடினேன். விற்றவர் மறுத்தால் ரத்தாகிவிடும் என்றாள். நிம்மதியாகத் திரும்பிவந்து மறுக்கப் போனேன். இருதயராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போணிவே," என்றார். "மூணு மாசம் கழிச்சு வந்த போணி. அதைத் திருப்பி அனுப்பினா கடை வெளங்குமா?"

"கடை வெளங்காட்டாப் போகுது. நீரு இரும்."

"உம்ம கடையில நான் ஒரு நாளாவது எதுக்காவது ஒதவ வேண்டாமா?"

வியாபாரிக்கு அவர் சொன்னது சரி என்று தெரியும். ஆர்டரை மறுக்காமல் எழுந்தேன்.

நூல் கண்டு வந்த பெரிய அட்டைப்பெட்டியை எடுத்தேன். காற்றுக்கு இரண்டு ஓட்டை போட்டேன். குறையோடு சரக்கு அனுப்பக் கூடாது என்பதால், அவர் சட்டைக்கு இரண்டாவது பட்டனைத் தைத்தேன். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. சரக்கு எப்படிக் கஸ்டமர் ஆகும்? வெள்ளையில் நான்கு துளைப் பட்டன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவர் வேறு பக்கம் பார்த்தார். அன்றைய பேப்பரையும் உள்ளே வைத்து டேப் ஒட்டினேன். கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, உடைகிற பொருளா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இருதயராஜ், "உடையாது," என்றார்.

போணி நல்ல கைராசி. மறுநாளிலிருந்து பட்டன் கொத்துக்கொத்தாகப் போயிற்று. கொம்புப் பட்டன் மூன்று நாளில் தீர்ந்தது. வாடகைக் கவலை ஓய்ந்தது. மூன்று மணிக்கு வெயில் வந்து பார்த்துவிட்டு, மேஜைவரை வராமல் படியோடு போய்விடத் தொடங்கியது. பேப்பரை நானே படிக்க முயன்றேன். அச்சிட்டவர் பெயர் வரை போக முடியவில்லை.

இருதயராஜின் படத்துக்குக் கீழே 'இருப்பு இல்லை' என்று காட்டியது. தினமும் திறந்து பார்ப்பேன். பத்தாம் நாள் செண்பகவல்லியின் மதிப்புரை வந்திருந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

"பொருள் படத்தில் உள்ளபடியே இருக்கிறது. இதுவரை ஒரு குடையும் வாங்கவில்லை. பட்டன் நன்றாகத் தைத்திருக்கிறார்கள். எல்லாக் குடையும் ஒரே கறுப்பு என்று சாதிக்கிறது. மூன்று மணிக்கு மேல் 'என்னவே வைகுண்டம்' என்று பக்கத்தில் பார்த்துப் பேசுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்."

அதற்கும் கீழே, 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று போட்டு என் படம் இருந்தது. வேட்டியின் முன்னால் நிற்கிறேன். எடை ஐம்பத்தாறு என்று இருந்தது. எழுந்து தராசில் நின்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கையிருப்பு ஒன்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஆர்டர் காலையிலேயே வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

நூல் கண்டுப் பெட்டி இன்னொன்று பரண்மேல் கிடந்தது. இரண்டு ஓட்டை போட்டேன். என் சட்டையில் எல்லாப் பட்டனும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். டேப்பை உள்ளேயிருந்து ஒட்டுவது நினைத்த அளவு சிரமமில்லை.

கூரியர்காரர் நேரத்துக்கு வந்தார். பெட்டியை இலேசாக ஆட்டிப் பார்த்து, உடைகிற பொருளா என்று கேட்டார்.

உடையும் என்று உள்ளேயிருந்து சொன்னேன்.