ஏழு பேர் போகும் வண்டி

கண்ணாடிக் கடைக்காரர் தம் வாழ்நாளில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்பார். முப்பது வருஷமாக இதே பாட்டு. தூக்கத்திலும் இதையே கேட்கிறார் என்று மனைவி சொல்வாள்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. வந்தவர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டால் அத்தோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் வில்லையை மாற்றிக்கொண்டிருந்தால், நன்றாகத் தெரிந்ததும் தெரியாமல் போகும். கடையில் அவர் இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. மீறியது வண்டி விஷயத்தில்தான்.

மகள் ஒன்பது வயதில் கேட்டாள்: "அப்பா, ஒரே ஒரு நாள் காட்டுல கூடாரம் போட்டுத் தூங்கலாம்பா. நாம மூணு பேரும்." அவர், "போலாம்டா" என்றார். அந்தப் 'போலாம்' அவளோடு சேர்ந்து வளர்ந்து, ஒரு கட்டத்தில் அவளைவிட உயரமாகவும் ஆகிவிட்டது. இப்போது அவளுக்குப் பதினெட்டு. நான்கு மாதத்தில் படிப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறாள். போனவள் எப்போது வருவாளோ, வந்தாலும் அப்பனோடு கூடாரத்தில் படுக்கிற வயதில் வருவாளோ? கிளம்புவதற்குள் அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சபதம் போட்டார்.

அதற்காக வாங்கியதுதான் அந்த வண்டி. பன்னிரண்டு வயது, ஏழு சீட்டு, மலையேறும் ஜாதி. விற்றவர் தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவர், நான்கு பிள்ளைகள்.

"இதுலயா காட்டுக்குப் போனீங்க? என்னென்ன மாத்துனீங்க?" என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்.

"மாத்துறதா? அப்பப்போ பிள்ளைங்க டவுசரைத்தான் மாத்துனோம் சார்" என்றார் டைல்ஸ்காரர். "இந்தப் பழைய கூடாரமும் இருக்கு, சும்மாவே வச்சிக்கோங்க."

சீட்டு இடுக்கெல்லாம் மணல். கண்ணாடிக் கடைக்காரர் அந்த மனிதரைப் பார்த்து மனசுக்குள் பரிதாபப்பட்டார். கூடாரத்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார்.

அவர் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். இருபது வருஷ சர்வீஸ். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"நாலு டயர், பிரேக் பேட். இது ரெண்டையும் மாத்துனா இந்தச் சனிக்கிழமையே கிளம்பலாம்."

அவர் இரண்டு டயர்ப் படங்களை நீட்டினார். "இது சேத்துக்கு. இது எல்லாத் தரைக்கும். இதுவா, இல்ல இதுவா?"

"நாம போற பாதைக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

விதி அந்த இடத்தில் வந்து நின்று கதவைத் தட்டியது. அவர் திறக்கவில்லை.

வண்டி பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரருக்கு முக்கால் என்று பெயர். எந்த வேலையையும் முக்கால்வாசி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதால் ஊர் வைத்த பெயர்; கூப்பிட்டால் அவரும் கோபப்படுவதில்லை, முக்கால்வாசி திரும்பிப் பார்ப்பார்.

"குடும்பத்தோட போறீங்க சார். காட்டுல சேத்துல மாட்டுனா யார் வந்து தள்ளுவா?" என்றார் முக்கால். "வின்ச் போட்டுருவோம். கம்பியை மரத்துல கட்டிட்டா வண்டி தன்னைத்தானே இழுத்துக்கும்."

வின்ச் வந்தது. பட்டறைத் தூணில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பட்டறை தெருவுக்கு ஓரடி கிட்டத்தில் இருக்கிறது.

வின்ச்சைத் தாங்கப் பழைய பம்பர் போதாது என்று இரும்புப் பம்பர் வந்தது. பம்பர் கனத்தில் மூக்கு தாழ்ந்தது; புது ஸ்பிரிங் வந்தது. எந்த ஸ்பிரிங் என்று அவர் மூன்று வாரம் யோசித்தார். கடைசியில் போட்டதில் வண்டி எவ்வளவு உயர்ந்தது என்றால், ஏறி உட்கார்ந்தவர்களுக்குக் காது அடைத்தது. ஆற்றில் இறங்கினால் என்ன செய்வது என்று மூச்சுக்குழாய் வைத்தார்கள். வண்டி முழுக்க முங்கினாலும் இஞ்சின் மூச்சு விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி அட்டை ஒன்றும் சொல்லவில்லை. கூரையில் விளக்கு வரிசை மாட்டி நண்பகலில் போட்டுப் பார்த்தபோது, எதிரே இருந்த கம்பத்தின் நிழல் சூரியனை நோக்கி விழுந்தது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள் மனைவி.

"பாதுகாப்புக்குத்தானேம்மா?"

"பாதுகாப்பா? பிரேக்கை மாத்துனீங்களா?"

"அது அடுத்த வாரம்."

முதல் மாதம் மகள் ஞாயிறுதோறும் அவரோடு பட்டறைக்கு வந்தாள். "இதுவா, இதுவா?" என்று அவர் கேட்டால் குதித்துக்கொண்டு பதில் சொன்னாள். இரண்டாம் மாதம், "எது வேணா போடுங்கப்பா, எப்ப போறோம்?" என்றாள். மூன்றாம் மாதம் எதுவும் கேட்கவில்லை. கேள்வி நின்றதும் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவர் முக்காலிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் வெளியூர் போனார். கூரைமேல் விரிகிற கூடாரங்களுக்கு ஒரு கண்காட்சி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிடித்த இரண்டு கூடாரங்களில் மாறி மாறி ஏறிப் படுத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் இரண்டு ஜோடி ஷூ கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. மகளின் தலைமுடியில் புகை வாசம். அவர் கூடாரத்தின் படத்தைக் காட்டினார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதர். ஷூவைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்.

கூரையில் கூடாரம் ஏறியபின், சமையல் சாமான் வைக்க இழுப்பறை வேண்டும் என்றார் முக்கால். இழுப்பறைக்குப் பக்கத்தில் குளிர்ப்பெட்டி, குளிர்ப்பெட்டிக்கு இரண்டாவது பேட்டரி. "இடத்துக்கு எங்க போறது?" என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார்.

"பின்னாடி சும்மா கிடக்குற சீட்டெல்லாம் எதுக்கு சார்?" என்றார் முக்கால்.

நியாயமாகத்தான் பட்டது. வண்டி நாலு மாதமாகப் பட்டறையில் நின்றதில் அந்தச் சீட்டுகளில் யாரும் உட்காரவே இல்லை. கழற்றிய சீட்டுகளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மகள் கிளம்புவது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. கேட்டுக்குள் நுழையவில்லை, உயரம் இடித்தது. தெருவிலேயே நிறுத்திவிட்டு, ஏணி வைத்து இறங்கி, "நாளைக்குக் காலைல கிளம்புறோம்!" என்றார்.

மகள் சுற்றி வந்து பார்த்தாள். முன்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டு ஒன்று, பக்கத்துச் சீட்டு ஒன்று. அதற்குப் பின்னால் இழுப்பறை, குளிர்ப்பெட்டி, பேட்டரி.

"அப்பா," என்றாள் மெதுவாக. "நாம மூணு பேர்ப்பா."

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு முக்காலுக்குப் போன் போட்டார். பேட்டரியைச் சீட்டு மாட்டும் துளையில்தான் முடுக்கியிருப்பதாகவும், கழற்றி மாட்ட நாலு நாள் ஆகும் என்றும் முக்கால் சொன்னார். "நடு சீட்டு மட்டும்னா?" என்று இவர் கத்தினார். அதற்கு மூன்று நாள்.

"விடுங்கப்பா," என்றாள் மகள். "நான் போயிட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"காட்டுக்கு. நீங்க கூடாரம் பாக்கப் போனீங்கல்ல, அன்னைக்கு. அம்மாவுக்கு லீவு. அவங்க ஓட்டுற ரூட் பஸ்லயே கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அரை மணி நேரம் நடந்தோம். பரண்ல இருந்துச்சே, அந்தக் கூடாரம்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா, வண்டி ரெடியாகட்டும்னு சொல்லியிருப்பீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் எப்போதோ கடைசி ஸ்டாப்பில் இறங்கிவிட்டது.

அவர் தம் தொழிலைச் செய்தார்.

"அம்மாகூடப் போனியே, அது நல்லா இருந்துச்சா? இல்ல, நாம மூணு பேரும் போயிருந்தா..."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். இளகிய மனசுக்காரி. "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்றாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வண்டியை பஸ் டிப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போய் பிரேக் பேட் மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை மகளின் பெட்டிகள் இரண்டும் இழுப்பறைக்குள் அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்தன. முக்கால் முழுசாக முடித்த வேலை அது ஒன்றுதான். மனைவி ஸ்டியரிங்கில் ஏறினாள். மகள் ஏணியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு ஒரு டாக்ஸி சொல்லட்டுமாப்பா? ஏர்போர்ட்டுக்குப் பின்னாடியே வந்துருங்க."

"வேணாம்டா. கடை திறக்கணும்."

வண்டி புறப்பட்டது. அவ்வளவு உயரத்தில் அவள் கையாட்டினாளா இல்லையா என்று கீழேயிருந்து தெரியவில்லை.

அவர் கடை திறக்கப் போகவில்லை. உள்ளே வந்தார். கூடத்தில், சுவரோரம், ஐந்து பேர் உட்காரும் சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் உட்கார்ந்தார். சீட்டு இடுக்கில் கையை விட்டார். மணல் வந்தது, யாரோ நான்கு பிள்ளைகள் எங்கிருந்தோ காலில் கொண்டுவந்த மணல். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்த இடத்திலேயே தள்ளிவிட்டு, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.