துண்டுக்குள் ஒரு கை

எருமையில் வெள்ளைத்தாய்க்குச் சந்தேகம் இல்லை. காலையில் அவளே உட்கார்ந்து கறந்து பார்த்துவிட்டாள். நுரை சொம்பின் கழுத்துக்கு ஏறியது. சோளத்தட்டையைத் தின்றுவிட்டுக் கரிசல் வெயிலில் நிற்கக்கூடிய உருப்படிதான். சந்தேகமெல்லாம் விலையில்.

கூலிக்காரக் குடும்பங்களுக்கு சர்க்கார் பால்மாட்டுக் கடன் கொடுத்துவந்த காலம் அது. மாட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு மானியம். மிச்சத்தைப் பால் ஊற்றி பேங்குக்குக் கட்டவேண்டும். போன வருசம் கீழத்தெருப் பெருமாயிக்கு மாடு பிடித்துக் கொடுத்ததும் இதே தரகர் சங்கிலிப்பாண்டிதான். மாட்டை விற்றவன், பேங்கில் எழுதியதைவிடக் குறைவான உண்மை விலையை எங்கோ உளறி அது பெருமாயி காதுக்கு வந்தபோது, அவள் பாதிக் கடன் கட்டியிருந்தாள்.

கழுகுமலை மாட்டுத் தாவணியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். சங்கிலிப்பாண்டியும் எருமைக்காரர் கோபாலசாமி நாயக்கரும் கைமேல் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்தே தொகையைச் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு தலையும் ஆடின. விலை முடிந்தது. தன் பணம் வந்தால் சரி என்று கோபாலசாமி கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

தரகர், கடன் எழுத வந்திருந்த பேங்க் ஆபீசரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ரெண்டாயிரத்து நூறு, சார்."

வெள்ளைத்தாய் பின்னாலேயே வந்து நின்றாள். "துண்டுக்குள்ள பேசுனது எம்புட்டு அண்ணாச்சி?"

"அதைக் கேக்கப்படாது. தாவணி மொறை."

"கடன் எம் பேர்ல. எனக்கே சொல்லமாட்டீங்களோ?"

"ஒம் புருசன்ட்ட சொல்லுதேன். நீ எருமையைப் பாரு."

அவள் புருசன் கருத்தையா எருமைப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

வெள்ளைத்தாய் தரகர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். வலது கையை மூடிக்கொண்டு நேரே கோபாலசாமி முன்னால் போய் நீட்டினாள். "அய்யா, எங் கையைப் பிடிச்சு வெலையச் சொல்லுங்க."

மாடு பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பியது.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா?" கருத்தையா பதறினான்.

"கடனை எந் தலையில வைக்கையில கிறுக்கு இல்ல, கை நீட்டுனாத்தான் கிறுக்கோ?"

"பிடியும் நாயக்கரே!" என்று ஒருவன் கத்தினான். "வீட்ல சொல்லமாட்டோம்!"

கோபாலசாமிக்கு வியர்த்துவிட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பதற்றத்தில் வீட்டுத் தெலுங்குதான் முதலில் வந்தது. "ஒத்து, ஒத்து... வேண்டாந்தாயி. பேரன் பேத்தி எடுத்தவன் நான். ஆயிரத்து நானூறு. வாயாலயே சொல்லிட்டேன், கையை எடு!"

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"ரெண்டாயிரத்து நூறுக்கு மானியம் எழுநூறு. எங் கடன் ஆயிரத்து நானூறு. எருமை வெலையும் அதே ஆயிரத்து நானூறு. அப்ப மானியம் எனக்கா அண்ணாச்சி, இந்தத் துண்டுக்கா?"

"தரகு இருக்கு, லாரி வாடகை இருக்கு..." சங்கிலிப்பாண்டி இழுத்தார்.

"லாரி எதுக்கு? எருமைக்குக் காலு இருக்கு. எனக்கும் இருக்கு."

கூட்டம் சிரித்தது. ஆபீசர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். "சரிம்மா. ஆயிரத்து நானூறுன்னே போட்டுருவோம்."

"போட்டதைச் சத்தமா வாசிங்க சார். அதுவரைக்கும் கை இங்கனதான் இருக்கும்."

வாசித்தார். அவள் துண்டை ஓர் உதறு உதறித் தரகர் தோளிலேயே போட்டாள். முந்தியை அவிழ்த்து இருபது ரூபாயை நீட்டினாள். "இது தரகு. பேசுன வேலைக்கு."

சங்கிலிப்பாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு நடக்கையில் கருத்தையா கன்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். பாதி வழியில் கேட்டான்: "இனிமே நமக்கு எந்தத் தரகன் மாடு பேசுவான்?"

"எதுக்குப் பேசணும்? கை இருக்குல்லா."

ஊர் எல்லையில் அவள் எருமையை வீட்டுப் பக்கம் விடாமல் கீழத்தெருவுக்குத் திருப்பினாள்.

"எங்கட்டி போற?"

"பெருமாயி வீட்டுக்கு. அவ மாட்டை வித்தவன் எந்த ஊருன்னு அவளுக்குத் தெரியும். நாளைக்கு ரெண்டு பேருமாப் போயி, நாலு பேரு கேக்க வெலையச் சொல்லச் சொல்லி அவன் முன்னால கையை நீட்டுதோம்."