ராக்காயி மீட்ட பத்திரம்

பழனியாண்டி இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன ஒரு காலையில் வழியிலேயே அவனுக்கு நெஞ்சு வலித்தது. லொறியை மலையோரமாக ஒதுக்கி, பிரேக்கை இழுத்து விட்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தான். பள்ளத்தில் விழாமல் தப்பிய பெட்டிகளைப் பற்றித் தோட்டமே பேசிற்று. விழுந்துவிட்ட குடும்பத்தைப் பற்றி அவன் பெண்சாதி ராக்காயிதான் யோசிக்க வேண்டியிருந்தது.

டிரைவருக்கென்று கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பழனியாண்டியின் அண்ணன் பொன்னையா இந்தியாவுக்கே போய்விடுவதென்று சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்ககூட வந்துரு புள்ள. ஊருல ஒனக்கும் புள்ளைக்கும் ஒரு மூல இல்லாமயா போயிரும்?"

"எந்த ஊரு மாமா? நான் பொறந்தது இந்தத் தோட்டத்துல. அந்த ஊரு கெழக்கயா மேக்கயான்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் நம்பியிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். பழனியாண்டி உயிர்க் காப்புறுதி எடுத்திருந்தான். ஹட்டனிலிருந்து வந்த ஏஜன்ட் வாசலில் உட்கார்ந்து, அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததும், பிறகு தடித்த காகிதத்தில் முத்திரை போட்ட பத்திரம் வந்ததும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தவணைக் காசை ஒரு முறைகூடத் தவறவிடாமல் கட்டி வந்தான். ஆனால் பத்திரத்தைக் காணோம். தகரப்பெட்டி, சாமி படத்தின் பின்புறம், அரிசி டின், தலையணைப் பஞ்சு என்று ஒன்று விடாமல் துழாவியாயிற்று. லொறியின் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். கொழும்புக் கம்பனிக்கு எழுதிப் போட்டதற்கு, மூலப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் சொத்துள்ள ஆளைப் பிணை நிறுத்த வேண்டும் என்று பதில் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குச் சொத்து?

"தம்பி ஏதாச்சும் கோபத்துல கிழிச்சுப் போட்டிருப்பான். விட்டுத் தள்ளு" என்றார் பொன்னையா.

அவள் விடவில்லை. பத்திரத்தைக் கிழிக்கிற ஆள் இல்லை அவன்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடக் கொழுந்து பறிக்கும் அழகம்மா தன் வீட்டு விசேஷத்தைச் சொன்னாள். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவின் விசாரணைக்கு அவள் புருஷனை நுவரெலியா அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நாங்க குடுத்த காயிதமெல்லாம் அந்தக் கந்தோர்லதான் இருக்காம் அக்கா. பொறந்த சர்டிபிகேட்டு, ஸ்கூல் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் வச்சுக்கிட்டுத்தான் கேள்வி கேப்பாங்களாம்."

கொழுந்துக் கூடையை இறக்கப் போன ராக்காயி அப்படியே நின்றாள்.

பழனியாண்டியும் மனுப் போட்டிருந்தான். ஹட்டனில் மனு எழுதுகிறவரிடம் போய்விட்டு வந்த அன்று, கோட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "நான் இந்த மண்ணுலதான் சாகப்போறேன்னு சாட்சியோட எழுதிக் குடுத்துட்டேன் புள்ள." சாவுப் பேச்சு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று அவள் திட்டியிருந்தாள். சாட்சியோடு என்றானே, சாவுக்கு யார் சாட்சி சொல்ல முடியும்? சாவுக்கென்று அவன் எழுதி வைத்திருந்தது அந்தக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றுதானே!

"மாமா, அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு!" என்று கத்திக்கொண்டே பொன்னையா வீட்டுக்கு ஓடினாள்.

மறு வாரம் இருவரும் நுவரெலியாக் கந்தோரில் நின்றார்கள். கிளார்க் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். விவரத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனவர், நூல் கட்டிய ஃபைலோடு வந்தார். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ராக்காயி மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இருக்கு அம்மா. உங்கட மனுசன் இதையும் சேர்த்துத்தான் குடுத்திருக்கிறார்."

பொன்னையா "முருகா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா திருப்பித் தரேலாது. விசாரணை முடியுமட்டும் ஃபைலிலைதான் கிடக்கவேணும்."

"பெரிய ஐயாவப் பாக்கலாமுங்களா?"

பெரிய ஐயா சிங்களவர். ஃபைலை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு ஏதோ கேட்டார். முத்துலிங்கம் தமிழில் சொன்னார்: "உங்கட மனுசன் இந்த நாட்டிலை நிரந்தரமா இருக்கப்போறன் எண்டதுக்குக் காட்டின சாட்சி இது. இதை எடுத்தால் உங்களையும் பிள்ளையையும் சேர்த்துப் போட்ட விண்ணப்பத்தின்ரை பலம் குறையுமாம். உங்களுக்குச் சம்மதமோ எண்டு ஐயா கேக்கிறார்."

ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பயத்தையெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தவள் போல நிமிர்ந்தாள்.

"அதுக்கு இனிமே காயிதம் எதுக்குங்க ஐயா? அவரு சொன்னபடியே இங்கதான் செத்தாரு. மஸ்கெலியா மண்ணுலதான் பொதைச்சிருக்கோம். சந்தேகம்னா வந்து பாக்கச் சொல்லுங்க. இந்தக் காயிதம் அவரு எனக்காக எழுதி வச்சது. எனக்குக் குடுத்துருங்க."

முத்துலிங்கம் சற்றுத் தயங்கினார். பிறகு ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். பெரிய ஐயா ஃபைலை முன்னால் இழுத்தார். பேனாவைத் திறந்து, நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுக்கும்படி ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் முத்துலிங்கமே உட்கார்ந்து டைப் அடித்தார். பத்திரத்தை நீட்டும்போது, "விசாரணைக்குக் கூப்பிடுவினம். விடாமல் வாங்கோ அம்மா" என்றார்.

"கூப்புடாட்டியும் வருவேனுங்க!"

கம்பனிப் பணம் வந்ததும், மஸ்கெலியாக் கடைவீதியில் தேத்தண்ணிக் கடையும் அதன் பின்னால் குடியிருக்க ஓர் அறையும் அமைந்ததும் அடுத்த மழைக்காலத்துக்குள் நடந்தன. அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பசிதான் தோன்றியது. புருஷன் போன நாளிலிருந்து வராத பசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் அவளே முன்னால் நுழைந்து, நடு மேசையில் உட்கார்ந்தாள்.

"என்ன வேணும்?" என்று கடைக்காரர் கேட்டு வாய் மூடுவதற்குள் பொன்னையா முந்திக்கொண்டார். "மொதல்ல வடையக் கொண்டாங்க. எந்தம்பி பொண்டாட்டி இன்னைக்குக் கவர்மெண்டு கந்தோர்ல நின்னு பேசி ஜெயிச்சுட்டு வந்திருக்கு!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராக்காயி தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "எனக்கு ரெண்டு தோசையும்" என்றாள், சத்தமாகவே.