வெறுங்கலயம்

அருப்புக்கோட்டையில் முப்பது நாள் மண்பாண்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, முத்துத்தாய் தன் வயதை முப்பத்தைந்து என்று சொன்னாள். அதற்கு மேல் என்றால் சேர்க்க மாட்டார்களாம்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த சரஸ்வதி டீச்சர் பேனாவை நிறுத்தினாள்.

“மகனுக்கு இருபத்துமூணுன்னு சொல்றே. அப்ப பன்னெண்டு வயசுலயா பெத்தே?”

“எங்க திருச்சுழி வெயிலுக்கு எல்லாம் சீக்கிரம் பழுத்துரும் டீச்சர்.”

டீச்சர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற வெள்ளத்துரையின் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. நடு மூன்றையும் பருத்தி அரைக்கிற மில் தின்றுவிட்டது. இரண்டு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

பானை செய்து பிழைக்கலாம் என்ற நினைப்பெல்லாம் முத்துத்தாய்க்கு இல்லை. காட்டில் பாடுபடுகிற குடும்பம் அது. புருஷன் சங்கையா செத்து ஆறு வருஷம். கை போன பிறகு ஒரு மத்தியானம், பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவோடு மகன் வைக்கோல் படப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தட்டிவிட்டாள். அன்றையிலிருந்து நான்கு மாதம் அவனைத் தனியே விடவில்லை. அவன் ஒதுங்கப் போனாலும் கருவேலமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று இருமிக்கொண்டிருந்தாள். அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் ஒரு ‘உம்’. அவள் கூலிக்குப் போனால் அவன் தனியாகிவிடுவான்; போகாவிட்டால் கஞ்சி இல்லை. பயிற்சியில் மத்தியானம் சோறு போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம்.

“ஏ முத்துத்தாயி, மகனை இடுப்புல தூக்கி வச்சுக்கயேன்” என்பாள் கூடப் படித்த மாரிக்கனி. “எவளாச்சும் கொத்திட்டுப் போயிரப் போறா.”

“கொத்துனா கொத்தட்டும். ரெண்டு வேளை சோறு போடுறவளாப் பாத்துச் சொல்லு.”

சொல்லிக்கொண்டே மகன் முகத்தைப் பார்ப்பாள். அதில் ஒன்றும் இருக்காது.

அவள் சக்கரத்துக் குழியில் கம்பைக் கொடுத்துச் சுற்றிவிடுவாள். அவன் மண்ணில் கை வைப்பான். இரண்டு விரலுக்கு மண் அடங்கவில்லை. எழும்பும், கோணும், சரிந்து விழும். அவன் வழித்துப்போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பான். பத்து நாள் இப்படியே போயிற்று. பிறகு விரலை விட்டுவிட்டு மணிக்கட்டை உள்ளே கொடுத்து அணைக்க ஆரம்பித்தான். தோல் உரிந்து மண்ணில் ரத்தம் கலந்தது. “விட்றா துரை” என்றாள். அவன் கேட்கவில்லை. இருபத்தாறாம் நாள் ஒரு கலயம் நின்றது. வாய் ஒரு பக்கம் சாய்ந்த கலயம். அவன் கையால் நின்றது அது ஒன்றுதான்.

கடைசி நாள் சூளையைப் பிரித்தார்கள். மேல்வரிசையில் பாதி உடைந்து கிடந்தது. சாம்பலுக்குள்ளிருந்து தன் கலயத்தை அவனே எடுத்தான். சுண்டிப் பார்த்தான். கணீரென்றது. துண்டில் ஏந்தி அம்மாவிடம் கொண்டுவந்தான்.

“சூடா இருக்கு. பாத்துக்க. சுத்திக் கட்ட வைக்கோல் வாங்கிட்டு வாரேன்.”

இத்தனை மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். முத்துத்தாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு சேலையைத் தாண்டித் தொடையில் ஏறியது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. புதுக்கலயத்தை வெறுமையாக வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெறுங்கலயம் வீடு ஏறினால் வீடே வெறுமையாகிவிடும் என்பார்கள். நெல்லோ தண்ணியோ இருக்க வேண்டும். நெல்லுக்கு எங்கே போவது? குழாயடிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்து உள்ளே ஊற்றினாள்.

“ஏ, ஊத்தாதே!” என்று மாரிக்கனி கத்துவதற்குள் கலயம் படீரென்று பிளந்தது. தண்ணீர் காலில் வழிந்தது.

வைக்கோலோடு வந்த வெள்ளத்துரை நின்றான். பார்த்தான். வைக்கோலைக் கீழே போட்டான். அவன் கண் ரோட்டுப் பக்கம் திரும்பியதும் முத்துத்தாய் செம்பை விட்டெறிந்தாள். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

“வெறுங்கலயமாக் கொண்டுபோகக் கூடாதேன்னுதாண்டா ஊத்துனேன்…”

“ஒனக்குக் கூறு இருக்கா? சூடா இருக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! கொதிக்கிறதுல கொண்டுபோயா பச்சத்தண்ணிய ஊத்துவாக? ஒரு மாசம் கூட ஒக்காந்து என்னத்தப் படிச்சே? முப்பத்தஞ்சு வயசாம், முப்பத்தஞ்சு! மூதி, எம் மணிக்கட்டப் பாரு! பாருங்கறேன்!”

கூட்டம் வேடிக்கை பார்த்தது. “பெத்தவளப் போயி இப்படிப் பேசுறானே” என்றார்கள். முத்துத்தாய் சட்டையை விடாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் இறங்கியது. அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மறுபடியும் ‘உம்’மோடு நின்றுவிடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

டீச்சரிடம் ஓடினாள்.

“நாளைக்கு வரலாமா டீச்சர்?”

“இன்னிக்கோட முடிஞ்சதும்மா. கொட்டகையப் பூட்டிச் சாவிய ஒப்படைக்கணும்.”

“மண்ணாச்சும் குடுங்க. சக்கரம் வேண்டாம். மண்ணு மட்டும்.”

டீச்சர் மிதித்து வைத்திருந்த மண்ணில் பெரிய உருண்டையாக ஒன்றைக் கொடுத்தாள். முத்துத்தாய் ஈரச்சாக்கில் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

திருச்சுழி பஸ்ஸில் மண்மூட்டையை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். நடந்தார்கள். அவன் முன்னே, அவள் பின்னே. வெயிலில் சாக்கிலிருந்து சேற்றுத்தண்ணீர் நெற்றியில் ஒழுகியது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஏசிக்கொண்டே போனான். கொஞ்ச தூரத்தில் சத்தம் ஓய்ந்தது. ரோட்டின் இரு பக்கமும் பருத்திக்காடு. ஒரு காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் காற்றில் வந்தது.

“துரை, இந்த மண்ணுல கொஞ்சம் உப்புப் போட்டுப் பெசஞ்சா நல்லா நிக்குமோ?”

“உப்பா? உப்புப் போடுறதுக்கு அதென்ன புளிக்கொழம்பா? ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?”

அவன் மறுபடியும் ஏச ஆரம்பித்தான். மைல்கல் வந்ததும் சத்தம் குறைந்தது. முத்துத்தாய் அடுத்து எதைத் தப்பாகச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே எட்டி நடை போட்டாள். ஊருக்கு இன்னும் எட்டு மைல் இருந்தது.