வாலில் நின்ற நெடுவரிசை

ஆறு வருடம் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய டிபன் பாக்ஸில் பாதியைக் காலி செய்தவர் அந்த மனிதர். அவரைத்தான் அவள் வாய் நிறைய அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டாள்.

மருத்துவமனைக்கு அவள் எழுதிய புரோகிராம் சின்னதுதான். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நர்ஸ் கம்ப்யூட்டரில் தட்டினால், நோயாளிகளின் விவரம் இருக்கும் டேபிளில் 'ஒவ்வாமை' என்ற புது நெடுவரிசையில் அதை எழுதும். அந்த மருந்தைக் கொடுக்கப் போனால் திரையில் எச்சரிக்கை வரும். நெடுவரிசையைச் சேர்க்கும் அதிகாரம் அண்ணனிடம் மட்டுமே இருந்தது.

"சேர்த்தாச்சும்மா, போ," என்றார் மூன்று மாதம் முன்பு, அவள் சாப்பாட்டை மென்றுகொண்டே. "எதுக்கும் அந்த நெடுவரிசை இருக்கான்னு பார்த்துட்டு எழுதச் சொல்லு உன் புரோகிராம. இல்லன்னா சத்தமில்லாம தாண்டிடட்டும். எர்ரர் வந்தா டாக்டருங்க நம்ம உயிர எடுப்பாங்க."

அவளும் மண்டையை ஆட்டிவிட்டு அப்படியே எழுதினாள்.

நேற்று ஒரு பெண்மணிக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்மணி பிழைத்ததே பெரும்பாடு. நர்ஸ் முன்பே தட்டியிருந்தும் திரையில் எச்சரிக்கை வரவில்லை. இன்று பதினொரு மணிக்கு விசாரணை, தப்பு யாருடையதோ அவர் வேலை போகும்.

காலையில் மேலாளர் அறை வாசலில் அண்ணன் குரல் கேட்டது. "நான் அன்னைக்கே சேர்த்துட்டேன் சார். அவ புரோகிராம்தான் சொதப்பல். பாவம், விட்டுடுங்க."

பாவமாம்! ஓடிப்போய் டேபிளில் ஒவ்வாமை இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. அப்படியானால் தப்பு தன்னுடையதா?

மனசு கேட்காமல் முழுப் பட்டியலையும் எடுத்தாள். அந்த டேபிளில் புதிதாகச் சேர்ப்பது வாலில்தான் போய் நிற்கும். முப்பத்தெட்டாவதாக, போன வாரம் அவள் கண்ணெதிரே அண்ணன் சேர்த்த செல்போன் எண். ஒவ்வாமை அதற்கும் பின்னால், முப்பத்தொன்பதாவது. படுபாவி, மூன்று மாதம் சேர்க்காமலே இருந்துவிட்டு இப்போது சேர்த்திருக்கிறார்!

விசாரணையில் பட்டியலை நீட்டினாள். அண்ணன் முகம் செத்துவிட்டது.

"சரி, நெடுவரிசை இல்லன்னா உங்க புரோகிராம் ஏன் எர்ரர் காட்டல?" என்றார் மேலாளர்.

"அண்ணாதான் தாண்டிடச் சொன்னாரு."

"நானா? எப்பம்மா சொன்னேன்?"

சாப்பிடும்போது சொன்னதற்கு ஏது காகிதம்? மாலைக்குள் இருவர் சீட்டும் கிழிந்தது.

லிஃப்ட் வாசலில் அவர் வழிமறித்தார். "அண்ணன் மேல கோவமாம்மா?"

காலி டிபன் பாக்ஸை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டாள்.

"வழிய விடுங்க சார்."