முப்பது அங்குலம்

"உயரமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சீட்டு இடுப்பளவு உயரம் இருக்கணும்னு சொன்னாரு. அதுக்காக வண்டியவே தூக்கி—"

"வண்டியத் தூக்கினா சீட்டும் தூக்கும். சீட்டு என்ன தனியாவா தொங்குது?"

"என்னைக் கொஞ்சம் பேச விடுங்க!"

"நீ பேசிக்கிட்டுதான் இருக்க, நான்தான் வாயே—"

ஷெட்டுக்குள் கணவனும் மனைவியும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெரிய வண்டி, நேற்று மாலை மாட்டிய நான்கு புது டயர்களின்மேல், கோபித்துக்கொண்டு எழுந்து நின்றதுபோல நின்றது. டயர்க்கடைக்காரர் வீட்டுக்கே வந்து, ஷெட்டுக்குள்ளேயே ஜாக்கி போட்டு மாட்டிவிட்டு, பழைய டயர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். வண்டி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது. வாசலுக்கு மேலே இருந்த இரும்பு உத்திரம் வளரவில்லை.

மனைவி வீட்டு முன்னறையிலேயே தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி உத்திரத்தை அளந்தாள், வண்டியின் தலையை அளந்தாள். ஒரு அங்குலம் இடித்தது. சீட்டை அளந்தாள். முப்பத்திரண்டு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டு மாற்றியிருந்தார்கள். படி ஏறக் கூடாது, காலை ரொம்ப மடக்கக் கூடாது. நின்றபடியே பின்னால் சாய்ந்து முன்சீட்டில் உட்கார்ந்து, காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே தரையிலிருந்து அம்மாவின் இடுப்பு உயரத்தை அளந்து பார்த்தாள். முப்பது. இந்த வண்டியின் சீட்டும் அன்றைக்கு முப்பது. "உனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்மா" என்று பத்து நாள் கெஞ்சித்தான், இந்த ஒரு மாதமாவது தன் வீட்டில் இருக்கச் சம்மதிக்க வைத்திருந்தாள். அதற்கும் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "பதினோரு மணிக்கு வரணும். நாலு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி ஏத்துறதா இருந்தா, நான் உன் தம்பி வீட்டுக்கே போயிடுவேன்."

"காத்தை இறக்கலாம்ல?"

"புது டயர்! காத்தில்லாம ஓட்டினா கிழிஞ்சிடும்."

பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஆள் நல்ல கனம். பார்க்க வசதியாக இருக்கட்டுமே என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது.

தையல்காரியின் கண் டேப்பைவிடக் கூர்மை. "அண்ணே, அசையாதீங்க!"

"ஏம்மா, பாம்பா?"

"எறங்குது! வண்டி எறங்குது! ஏங்க, அந்தக் கொத்தனாருங்களக் கூப்பிடுங்க."

எதிர்வீட்டில் பூசிக்கொண்டிருந்த கொத்தனார்கள், அண்ணன் தம்பிகள் மூன்று பேர், சிமெண்டுக் கையோடு வந்து நடுச்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அவர்கள் கனத்துக்காகத் தூக்கிவந்து கடைசிச் சீட்டில் போட்ட இரண்டு சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே தையல்காரி தன்னைச் செருகிக்கொண்டாள். கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தினான். அவன் மூச்சைப் பிடித்ததைப் பார்த்து எல்லோரும் பிடித்தார்கள். தலைக்கு மேலே உத்திரம் ஒரு மயிரிழையில் வழிவிட்டது.

வெளியே வந்ததும் கொத்தனார்களில் மூத்தவர் கதவைத் திறந்தார். "அப்ப நாங்க வர்றோம்க்கா."

"இருங்க, இருங்க!" அவள் பின்னாலிருந்து இறங்கி ஓடிவந்து, பேக்கரிக்காரரின் தொடையோரமாக டேப்பை விட்டாள். முப்பது. ஒரு நூல் பிசகவில்லை. "யாரும் எறங்கக் கூடாது. இதுதான் எங்கம்மா அளவு. இப்படியே போறோம்!"

"எனக்கு அடுப்புல பன்னு இருக்கும்மா..."

"பன்னு கருகினா வேற சுடலாம்ணே. எங்கம்மா மனசு மாறினா நான் எங்க போவேன்?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். வழிநெடுக அவள்தான் பேசினாள். "பாத்தீங்களா? டாக்டருக்கே இவ்வளவு கணக்காத் தெரியாது. அளவுன்னா அளவு!" கணவன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "டயர் மாத்தினது நான்" என்றான். "அதை நான் மறக்கல" என்றாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. அம்மா வாக்கரைப் பிடித்தபடி, மாத்திரைப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். தையல்காரி முன்கதவைத் திறந்து, கொலுசுக் கடைக்காரன் பெட்டியைத் திறப்பதுபோலக் காட்டினாள்.

"பாரும்மா, உன் இடுப்புக்குச் சரியா முப்பது!"

அம்மா பார்த்தாள். முப்பது அங்குல உயரத்தில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்மா" என்றார் அவர்.

அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது. "அண்ணே, கொஞ்சம் எறங்குங்க."

அவர் இறங்கினார். சீட்டு எழும்பியது. அம்மா சாய்ந்து பார்த்தாள், இடுப்பு எட்டவில்லை. "ஏறுங்கண்ணே." ஏறினார். சீட்டு அளவுக்கு வந்தது, இடம் போனது. "எறங்குங்க." "ஏறுங்க." மூன்று தடவை. கொத்தனார்கள் யாரையும் பார்க்காமல் வெளியே பார்த்தார்கள். கணவன் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பின் நுனி நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அக்குளிலிருந்த மாத்திரைப் பையை எடுத்து, மகள் கையில் கொடுத்தாள்.

"உன் வீட்டுக்குத்தான் வர்றேன், அழாத" என்றாள். பிறகு மருமகன் பக்கம் குனிந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, நான் இவர் மடியில உட்காரணுமா, இல்ல இவரு என் மடியிலயா?"