பனையேறி மகனுக்கு எதற்குப் பயிற்சி?

1

வயிற்றெரிச்சலில் பிறந்த கதை இது. "கரண்டு கம்பம் ஏற எல்லாருக்கும் பயிற்சி வேண்டும். பனையேறிகளுக்கு மட்டும் வேண்டாம். அது அவர்கள் ரத்தத்திலேயே உண்டு" என்று ஒரு பெரிய மனிதர் வெற்றிலை மென்றபடி சொன்னார். ரத்தமாம்! அந்த ஆளிடம் மல்லுக்கட்ட எனக்குத் திராணியில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

திருவனந்தபுரத்துக்குக் கரண்டு வந்த புதிதில், ஆரியசாலைக் கடைத்தெருவை மின்னொளி தழுவிய அந்தப் பொன்மாலைப் பொழு—

(பொன்மாலையாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.)

சத்தியதாஸ் பிறந்ததிலிருந்து ஒரு மரமும் ஏறியதில்லை.

இது போதும். விளவங்கோட்டுப் பக்கம் அவன் அப்பா பனையேறி. மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சு காய்த்துப்போனவர். "மக்கா, பனையத் தொட்டியானா கைய ஒடிச்சிருவேன்" என்று மிரட்டியே மகனை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். லைன்மேன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம், முடித்தால் நிரந்தர வேலையாம் என்று கேள்விப்பட்டு அவன் வந்து நிற்கிறான்.

3

ஆள் எடுப்பவர் சேஷன், சூப்பர்வைசர். (வில்லனாக எழுதத்தான் எனக்கு ஆசை. மனுஷன் சிரித்த முகமாகவே இருந்து தொலைக்கிறார்.)

"அப்பாவுக்கு என்னடா ஜோலி?"

"பனையேற்று, ஏமானே."

"அப்போ நோக்கு எதுக்குடா ட்ரெயினிங்? அது ஏறத் தெரியாத பசங்களுக்காக்கும். நீ நேரே கம்பத்துல ஏறிக்கோ. தினக்கூலி."

"நான் ஏறினதே இல்ல, ஏமானே. படிச்சவனாக்கும்."

சேஷன் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "பனையேறி மகன் ஏறத் தெரியாதுங்கறான், கேட்டேளா! முடியாதுன்னா போடா. வெளியில ஆள் நிக்கறது."

பயிற்சி இல்லாதவன் ஆயுசுக்கும் கூலிதான். அதுவும் போனால் திரும்பிப் போகப் பனை மட்டுமே உண்டு. சத்தியதாஸ் சட்டையைக் கழற்றினான்.

4

ஆரியசாலையில் இப்போது பாதிக் கம்பம் ஏறியிருக்கிறான். பயிற்சிக்கு எடுத்த பையன்கள் தோல் வார் கட்டிக்கொண்டு கீழே வேடிக்கை பார்க்கிறார்கள். அவனுக்கு வார் கொடுக்கவில்லை. மேலே எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லவும் ஆளில்லை.

முடிவு ஒன்று: ஏறி முடிக்கிறான். "நான் சொல்லலையா, ரத்தம்!" என்பார் சேஷன்.

முடிவு இரண்டு: கருகி விழுகிறான். "படிக்கப் போய் ரத்தம் கெட்டுப்போச்சு" என்பார் சேஷன்.

எப்படி எழுதினாலும் ஜெயிப்பது அவர்தான். எனக்கு வேண்டாம் இந்தப் பிழைப்பு, பேனாவை வைத்துவிட்டேன்.

பையன் இன்னும் பாதிக் கம்பத்திலேயே தொங்குகிறான். இறங்கச் சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் வெறும் கையோடு வராதீர்கள். இறங்கினால் அவனுக்கு என்ன வேலை தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.